மணமகளின் சொல்

சில ஆண்டுகட்கு முன் ஆங்கில வகுப்பொன்றில், சாஸர் இயற்றிய கான்டர்பரிக் கதைகளுள் கிரிசெல்தாள் கதை படிக்கப்பெற்றது. படித்து முடிந்தவுடன் மாணவர் ஒருவர், "மனைவியென்றால் இவளன்றோ மனைவி!" என்று வியந்து கூறினார். அவர் பரிகாசமாகக் கூறவில்லை. மெய்யாகவே உள்ளம் நெகிழ்ந்திருந்தார். அடுத்த கிழமை பாத் நகரத்து மனைவியின் முகவுரையைப் படித்தோம். வகுப்பு முழுவதும் கொல்லென்று நகைத்தது. "இவளுக்கு ஐந்து கணவன்மாரும் போதவில்லை போலும்!" என்றார் அதே மாணவர். இவ்விரு கூற்றுக்களும் என் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை. இடைக்கால ஆங்கிலப் புலவர் அறிந்த பெண்கள் இருவரே, ஒருத்தி வாய் திறவாப் பொறுமைப் பாவை, மற்றொருத்தி வாய் மூடா வம்புக்காரி, என்னும் எண்ணத்தோடு நம் மாணவர் பலர் பட்டமும் பெற்று வெளியேறுகின்றனர். ஆசிரியராகிய நாமும் அவ்வெண்ணத்திற்கு நீர் வார்த்தே வருகின்றோம். அஃது எத்துணைப் பிழையானது என்பதை இம்மலரின் நேயர்முன் வைக்க விழைகின்றேன்.

அக்காலத்து இங்கிலாந்தில் மணம் என்பது யாது என்பதை முதற்கண் அறிந்தாலன்றிக் கதைகளின் உட்பொருள் விளங்காது. தந்தையர் பேசி முடித்ததும், நிலமும் பொன்னும் கைமாறியதும், பெண்ணின் விருப்பு வெறுப்பு பெரும்பாலும் கேட்கப்படாததும் உண்மையே. ஆயினும் மூன்றாம் அலெக்சாந்தர் என்னும் போப்பாண்டவர் (1159–1181) காலத்தில் உறுதிப்பட்ட சபைச் சட்டம் வேறொன்று கூறிற்று. 12 வயது நிரம்பிய பெண்ணும் 14 வயது நிரம்பிய ஆணும், உறவு முறை முதலிய தடைகள் இல்லாதவிடத்து, மனமொப்பி ஒருவரையொருவர் ஏற்பதாக வாயாற் கூறிவிடின் அதுவே மணம். குரு வேண்டுவதில்லை, கோயில் வேண்டுவதில்லை, தந்தையின் இசைவும் வேண்டுவதில்லை. 'ஏற்பேன்' என்று எதிர்காலத்திற் கூறின் அது நிச்சயம் மட்டுமே. 'ஏற்கின்றேன்' என்று நிகழ்காலத்திற் கூறின் மணமே முடிந்தது. ஒரு வினைமுற்றின் காலம் இருவருடைய வாழ்நாளை முடிவு செய்தது! இலக்கணம் வீண் என்று இகழும் மாணவர் இதனைச் சிறிது கருதுவாராக. 1215-ஆம் ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், மணத்திற்கு முன் கோயிலில் ஓலை வாசித்து அறிவித்தல் வேண்டுமென விதித்துக் களவு மணத்தைக் கண்டித்தது. ஆயினும் கண்டிக்கப்பட்ட அம்மணம் செல்லாததாகிவிடவில்லை. செய்தவர் தண்டனைக்கு உள்ளாயினர்; செய்த மணமோ நிலைத்து நின்றது. இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரையில் நிலைமை இதுவே.

ஆகவே, ஒரு நாளில், ஒரு வேளையில், பெண்ணின் சொல்லுக்கு அரசனும் தந்தையும் அழிக்கவொண்ணா வலிமை இருந்தது. அச்சொல்லைச் சொன்ன மறுகணமே அவளுடைய அசையும் பொருளெல்லாம் கணவனுடையதாயிற்று. அவளுடைய நிலத்தை ஆளும் உரிமையும் அவனுக்கே சென்றது. திருமண வழிபாடு லத்தீன் மொழியில் நடந்தபோதிலும் மணமக்களின் உடன்படிக்கை மட்டும் அவர்தம் தாய்மொழியிலேயே சொல்விக்கப்பட்டது. அதில் கீழ்ப்படிவாயிருப்பதாக வாக்களித்தவள் பெண் ஒருத்தியே. ஒரே ஒரு சொல்லைத் தன்னுரிமையாய்ச் சொல்லும் ஆற்றல் அவளுக்குக் கொடுக்கப்பட்டது. அச்சொல்லோ, பின்னர்ச் சொல்லக்கூடிய சொற்களையெல்லாம் விட்டுக்கொடுக்கும் சொல்லாய் அமைந்தது. இடைக்கால ஆங்கில நூல்களில் மணத்தைப் பற்றிய சிறந்த பகுதிகள் எல்லாம் இம்முரண்பாட்டினின்றே பிறந்தன என்பது என் துணிபு. பெண் நல்லவளா தீயவளா என்பதன்று அவற்றின் வினா. அவளுடைய சொல் யார் கையிற் சென்று சேர்ந்தது என்பதே வினா.

கிரிசெல்தாள் கதையை இவ்வினாவோடு மீண்டும் படித்துப் பார்ப்போம். சலுஸ்ஸோ நாட்டுத் தலைவன் வால்டர், குடிகள் வேண்டியதன்பேரில் மணம் செய்துகொள்ள இசைந்து, ஊரிலேயே மிக வறியவனாகிய ஜனிக்குலாவின் மகளைத் தெரிந்தெடுக்கின்றான். அவளிடம் அவன் கேட்பது, தன்னைக் கணவனாக ஏற்பாளா என்பது மட்டுமன்று. தன் விருப்பம் எதுவாயினும், இரவிலும் பகலிலும், சொல்லாலும் முகக்குறிப்பாலும் முணுமுணுத்தலின்றி அதற்கு உடன்படுதல் வேண்டும் என்கின்றான். அவள் நடுங்கிக்கொண்டே உடன்படுகின்றாள். கேட்கப்பட்டதற்கும் மேலாக, நினைவாலும் மீறுவதில்லை என்கின்றாள். பின்னர் நிகழ்வன யாவரும் அறிந்தனவே. பெண் மகவு பிறக்கின்றது. கொல்வதற்கென்று கூறி அதனைத் தாயின் கையினின்று வாங்கிக்கொண்டு போகின்றார்கள். இரண்டு வயது ஆண் மகவும் அவ்வாறே போகின்றது. இறுதியிற் போப்பாண்டவரின் பெயரால் பொய்யோலை ஒன்று வருவித்து அவளையே தள்ளிவிடுகின்றான். ஓர் உள்ளாடையோடு, வெறுங்காலோடு, அவள் தந்தையின் குடிசைக்கு நடக்கின்றாள். அத்தோடும் விட்டானில்லை. புது மணமகளை வரவேற்க மாளிகையைத் துப்புரவு செய்ய அவளையே அழைக்கின்றான்.

இக்கதை சாஸரின் கற்பனையன்று. இத்தாலியப் புலவர் பொக்காச்சியோ தம் நூறு கதைகளுள் இறுதிக் கதையாக இதனை வைத்தார். பெத்ரார்க் 1373-ஆம் ஆண்டில் இதனை லத்தீனில் பெயர்த்து, மனைவிமார் பின்பற்றுவதற்காக அன்று, கடவுளின் சோதனையில் மாந்தர் யாவரும் நிலைத்து நிற்பதற்காகவே இதனைச் சொல்வதாகப் பொருள் கூறினார். சாஸர் இப்பொருளையும் தம் கதையிற் சேர்த்துக்கொண்டார். ஆனால் அதனோடு அமைதியடையவில்லை. கதை சொல்லும் ஆக்ஸ்போர்டு மாணவன் இடையிடையே நின்று, இச்சோதனைக்குத் தேவையே இல்லை, மணமான ஆடவர் சிலர்க்கு அளவு தெரிவதில்லை என்று கடிந்துகொள்கின்றான். வீட்டை விட்டு வெளியேறும் வேளையில் கிரிசெல்தாள் தன் கணவனை நோக்கி, மணநாளில் உம் பேச்சும் முகமும் எவ்வளவு அன்பாய்த் தோன்றின என்னும் கருத்துப்பட ஒரு சொல் சொல்கின்றாள். அச்சொல்லில் வசை இல்லை. வால்டரின் முகத்தை நமக்குக் காட்டும் கண்ணாடி மட்டும் இருக்கின்றது. புது மணமகளைக் கண்டபோது, என்னை வருத்தியது போல் இவளை வருத்தற்க, இவள் மெல்லிய வளர்ப்பினள் என்று வேண்டுகின்றாள். இறுதியில் மக்கள் உயிரோடிருப்பதை அறிந்ததும் மூர்ச்சித்து வீழ்கின்றாள். வீழ்ந்தும் அக்குழந்தைகளை இறுகப் பற்றிய கைகளைச் சூழ்ந்து நின்றோர் அரும்பாடுபட்டே விடுவிக்கின்றனர். வாய் தன் வாக்கைக் காத்தது, கைகள் காக்கவில்லை. என் மாணவர் கண்ட பொறுமைப் பாவையின் கைகளா இவை?

கதை முடிந்ததும் சாஸர் ஒரு பாட்டைச் சேர்க்கின்றார். கிரிசெல்தாள் இறந்தாள், அவளுடைய பொறுமையும் இறந்தது, இரண்டும் இத்தாலியில் அடக்கம் செய்யப்பட்டன என்று அறிவித்து, மனைவிமாரே, பணிவென்னும் ஆணியால் உங்கள் நாவை அறைந்துகொள்ளாதீர் என்னும் பொருள்பட நகையாடுகின்றார். இந்நகையை வெறும் விகடமென்று தள்ளுவாருளர். யான் அவ்வாறு கருதவில்லை. தாம் சொன்ன கதையின் கொடுமையைத் தாங்கமாட்டாத புலவர் நகைப்பிற் புகலடைந்தார் என்றே கருதுகின்றேன்.

இனிப் பாத் நகரத்து மனைவி. ஆலிசன் என்பது அவள் பெயர். துணி நெசவில் வல்லவள். 12 வயது முதற்கொண்டு கோயில் வாயிலில் ஐந்து கணவரை மணந்தவள். அவளைக் கண்டு நகைக்குமுன், ஐந்தாங் கணவனாகிய ஜேன்கின் மாலைதோறும் அவளுக்குப் படித்துக் காட்டிய நூலைச் சிறிது நோக்குதல் நலம். கேடுகெட்ட மனைவிமாரின் வரலாறுகளையெல்லாம் ஒன்றாய்க் கட்டிய தொகுதி அது. எரோணிமு முனிவர் யோவினியானுக்கு எதிராய் எழுதியது, தியோபிராஸ்தர் பெயரால் வழங்குவது, வால்ட்டர் மேப் எழுதிய நிருபம் முதலிய மெய்யான நூல்களின் திரட்டு. கற்ற ஆடவர் மடங்களிலும் கலாசாலைகளிலும் அமர்ந்து, பெண்ணொருத்தியோடும் வாழாமல் பெண்ணைப் பற்றி எழுதியவை. ஓரிரவு பொறுக்கமாட்டாமல் அவள் அந்நூலின் மூன்று ஏடுகளைக் கிழித்து அவனை அடுப்பங்கரையில் வீழ்த்துகின்றாள். அவன் எழுந்து தலையில் அறைந்த அறையால் அவளுக்கு ஒரு செவி கேளாமற் போகின்றது. சாஸர் தம் பாயிரத்தில் அவளை அறிமுகப்படுத்தும்போதே செவிட்டுத் தன்மையைத்தான் முதலிற் குறிப்பிடுகின்றார். காரணம் அப்போது சொல்லப்படுவதில்லை. நாம் நகைத்துவிட்டு மேலே செல்கின்றோம். பல நூறு வரிகளுக்குப் பின்னரே காரணம் விளங்குகின்றது. சிங்கத்தின் உருவத்தை வரைந்தவன் மனிதனாதலாற்றான் சிங்கம் தோற்றதாக வரைந்தான் என்னும் பழங்கதையை அவள் நினைவூட்டி, பெண்டிர் நூல் எழுதியிருப்பின் என்ன எழுதியிருப்பர் என்று கேட்கின்றாள்.

நல்ல கேள்வி. ஆனால் ஒன்றை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்டவளும் ஓர் ஆடவர் வரைந்த சிங்கமே. அவளுடைய வாதங்களிற் பெரும்பகுதி, அவள் கிழித்தெறிந்த அந்நூல்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆலிசனைப் பெண்ணுரிமைக்குக் கொடி பிடித்த தலைவியென்று இக்காலத்திற் புகழ்வோரும், வம்புக்காரியென்று நகைப்போரும் இதனை ஒருங்கே மறந்துவிடுகின்றனர்.

சாஸரின் மணக்கதைகளை ஒரே விவாதமாய்க் கோத்துக் காட்டியவர் ஹார்வார்டு ஆசிரியர் கிட்ரெட்ஜ் ஆவர். 1912-இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை, பிராங்க்ளின் என்னும் நிலக்கிழார் சொல்லும் கதையே அவ்விவாதத்தின் தீர்ப்பு என்று முடிவு கட்டிற்று. கணவன் ஆர்வெரேகஸ் மனைவி டோரிஜென்மேல் ஒருபோதும் ஆதிக்கம் செலுத்துவதில்லை என்று வாக்களிக்கின்றான். தன் மதிப்புக்காகத் தலைவன் என்னும் பெயரை மட்டும் வேண்டுகின்றான். அழகிய உடன்படிக்கையே. ஆனால் நிகழ்வது யாது? அவள் விளையாட்டாய் வேறொருவனுக்குச் சொல்லிவிட்ட ஒரு சொல்லைக் காக்கும்படி கணவன் கண்ணீரோடு அவளை அவனிடம் அனுப்புகின்றான். அனுப்பும்போது, இதனை எவர்க்கும் சொல்லாதே, சொன்னால் உயிர் போகும் என்று ஆணையும் இடுகின்றான். ஆதிக்கம் செலுத்தேன் என்றவன் செலுத்திய ஆதிக்கம் இது! கதையின் இறுதியில், கணவனும் காதலனும் மந்திரவாதியும் ஆகிய இவருள் பெருந்தன்மை மிக்கவர் யார் என்று கேட்கின்றார் நிலக்கிழார். டோரிஜென் அவ்வினாவில் இடம்பெறவேயில்லை. கிட்ரெட்ஜ் போன்ற பேரறிஞர் இதனை எங்ஙனம் தீர்ப்பென்று கொண்டாரோ, அறியேன்.

நிற்க. இதுகாறும் கூறியவை எல்லாம் ஆடவர் எழுதிய கதைகள். பெண்டிர் எழுதியிருப்பின் என்ன எழுதியிருப்பர் என்னும் ஆலிசனின் கேள்விக்கு விடை அறவே இல்லாமற் போகவில்லை. நம் பாடத்திட்டத்திலேதான் இல்லை.

நார்போக் மாவட்டத்துப் பாஸ்டன் குடும்பத்தாரின் கடிதங்கள் பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. 1787 முதல் அச்சிற் கிடைப்பவை. அக்குடும்பத்து எலிசபெத்து என்னும் பெண், 1449-ஆம் ஆண்டளவில், ஐம்பது வயதை எட்டியவரும் நோயால் உருச்சிதைந்தவருமான ஒருவரை மணக்கத் தயங்கினாள். தாய் அவளைக் கிழமைக்கு ஒருமுறையும் இருமுறையும், சில நாட்களில் ஒரே நாளில் இருமுறையும் அடித்தாள். தலை இரண்டு மூன்று இடங்களில் உடைந்தது. இதனைக் கடிதத்தில் எழுதி உதவி கேட்டவளும் உறவினளான ஒரு பெண்ணே. அம்மணம் நடைபெறவில்லை. பெண்ணின் சொல்லைப் பெறாமல் மணம் இல்லை என்னும் சட்டத்தின் மறுபக்கம் இதுதான். சொல் வேண்டியதாயிருந்தபடியாற்றான் அதனை அடித்து வாங்க முயன்றனர்.

இருபது ஆண்டுகட்குப் பின், அதே குடும்பத்தில், எலிசபெத்தின் மருமகளான மார்ஜெரி பாஸ்டன், தங்கள் நிலங்களை மேற்பார்த்து வந்த காரியஸ்தர் ரிச்சர்டு கால் என்பவரோடு மறைவில் மணவாக்கு மாற்றிக்கொண்டாள். குடும்பம் கொதித்தெழுந்தது. தன் சகோதரி பிரம்லிங்காம் ஊரில் மெழுகுவத்தியும் கடுகும் விற்க ஒருநாளும் இசையேன் என்று தமையன் எழுதினான். 1469-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நார்விச் அத்தியட்சர் அவளை அழைத்து விசாரித்தார். அவளுடைய குலத்தையும் உறவையும் எடுத்துச் சொல்லி, இவர்களையெல்லாம் இழப்பாயே என்று அச்சுறுத்தியபின், நீ சொன்ன சொற்கள் யாவை, அவை மணம் ஆகுமா ஆகாதா என்று அறியவேண்டும் என்றார். அவள் தான் சொன்னவற்றைச் சொன்னாள். அச்சொற்கள் போதாவெனில், இவ்விடம் விட்டுப் போகுமுன் போதுமானதாக்கித் தருவேன் என்றும், சொற்கள் எவையாயினும் தன் மனச்சாட்சியில் தான் கட்டுப்பட்டவளே என்றும் துணிந்து கூறினாள். காலைத் தனியே விசாரித்தபோது அவரும் அதனையே சொன்னார். அத்தியட்சர் தீர்ப்பை ஒத்திவைத்துப் பார்த்தார். ஆனால் அம்மணம் நின்றது. அதிகாரமுள்ள குடும்பமும் அத்தியட்சரும் ஒருபுறம். ஓர் இளம்பெண்ணின் நிகழ்கால வினைமுற்று மறுபுறம்.

இவற்றை நமக்கு அறிவிப்பவள் மார்ஜெரியின் தாய் மார்கரெட். மகளுக்கு வீட்டுக் கதவை அடைத்துவிட்டதையும், அவளால் நாம் இழந்தது ஒன்றுமில்லை என்று மகனைத் தேற்றுவதையும் அவள் கடிதத்திலேயே காண்கின்றோம். அவளைக் கொடியவளென்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கணவன் லண்டனில் வழக்காடிக்கொண்டிருக்கையில் வீட்டையும் நிலத்தையும், ஒருமுறை ஆயுதந்தாங்கி வந்த பகைவர் முன்னும், காத்து நின்றவள் அவளே. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த எழுத்தர் பலருள் அந்த ரிச்சர்டு காலும் ஒருவர். நம் பாடப் புத்தகத்துப் பொறுமைப் பாவையிலும் வம்புக்காரியிலும் இப்பெண்மணியை எதில் அடக்குவது?

மற்றொரு மார்ஜெரியும் உண்டு. லின் துறைமுகத்து மார்ஜெரி கெம்ப், 14 மக்களைப் பெற்றவள். மதுபானம் காய்ச்சும் தொழில் நடத்தி நட்டமடைந்தவள். எழுத்தறியாதவளாய்ப் பிறரைக்கொண்டு தன் வாழ்க்கையை எழுதுவித்தவள். நெடுங்காலம் மறைந்து கிடந்த அதன் முழு ஏடு 1934-ஆம் ஆண்டிலேதான் அடையாளம் காணப்பட்டது. அதில் ஒரு காட்சி. 1413-ஆம் ஆண்டு, நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கொடிய வெயில். யார்க் நகரிலிருந்து கணவனும் மனைவியும் நடந்து வருகின்றனர். அவள் கையில் பீர்ப் புட்டி. அவன் மடியில் அப்பம். இனித் துறவு பூண்டு வாழ அவள் விரும்புகின்றாள், அவனோ விரும்பவில்லை. சிலுவை ஒன்றின் அடியில் உட்கார்ந்து பேரம் நடக்கின்றது. அவனுடைய கடன்களை அவள் அடைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டு அவனோடு உண்ணவேண்டும். அவன் அவளுடைய படுக்கையை நாடாதிருப்பான். இசைந்தனர், முழந்தாளிட்டுச் செபித்தனர், பின் அப்பத்தைத் தின்று பீரைக் குடித்தனர். ஆதிக்கம் யாருடையது என்று கான்டர்பரி யாத்திரிகர் அவ்வளவு நேரம் வாதாடினரே, அவருள் ஒருவரேனும் இப்படி வழியோரத்தில் உட்கார்ந்து கணக்குத் தீர்க்கும் கணவன் மனைவியரைக் கற்பனை செய்தாரா? பிற்காலத்தில் அக்கணவன் படியிலிருந்து வீழ்ந்து, அறிவு மங்கிக் குழந்தை போலானபோது, தனித்து வாழ்ந்த அவள் அவனைத் தன் வீட்டிற் சேர்த்துக்கொண்டு, அழுக்குத் துணி துவைத்து இறுதிவரை பேணினாள். அந்த வேலையின் அலுப்பையும் அவள் மறைக்கவில்லை.

கடிதமும் தன்வரலாறும் இலக்கியமாகா, சாஸரின் கலை எங்கே இவை எங்கே என்று நண்பர் சிலர் கூறுவர். கலையில் இவை சாஸருக்கு ஈடென்று யானும் கூறவில்லை. ஆயின் இவற்றை அறியாதார் சாஸரையே பிழைபடப் படிக்கின்றனர் என்பதுதான் என் முறையீடு. 1469-இல் மார்ஜெரி பாஸ்டன் அத்தியட்சர் முன் நின்ற நிலையை அறிந்த மாணவர், கிரிசெல்தாள் வால்டரின் முன் நடுங்கிக்கொண்டு சொன்ன சொல்லை அத்தனை எளிதாய்ப் பாராட்டிவிட மாட்டார். அச்சொல்லை வாங்கியவன் அதனைக்கொண்டு என்ன செய்தான் என்று கேட்பார். நம் கல்லூரி ஆங்கில வகுப்புக்களில் கிரிசெல்தாள் படிக்கப்பெறும் அதே பருவத்தில் பாஸ்டன் கடிதங்களுள் பத்தும், கெம்ப் நூலில் அந்த நடுக்கோடைக் காட்சியும் படிக்கப்பெறல் வேண்டும். அதற்கு ஒரு கிழமை போதும்.

அப்பத்துக் கடிதங்களுள் ஒன்றைத் தவறாது சேர்க்கவேண்டுகின்றேன். பிரித்து வைக்கப்பட்டிருந்த அந்நாட்களில் ரிச்சர்டு கால், கடவுள் முன் தம் மனைவியென்று விளித்து மார்ஜெரிக்கு ஒரு கடிதம் எழுதினார். படித்தவுடன் எரித்துவிடும்படியும் அதில் வேண்டினார். அஃது எரியாமல் எப்படியோ நம் கைக்கு வந்துள்ளது. அவளுடைய மறுமொழி ஒன்றும் கிடைத்திலது. கதவை அடைத்த தாய் மார்கரெட் 1482-இல் எழுதிய மரண சாசனத்தில், மார்ஜெரியின் மூத்த மகன் ஜான் காலுக்கு 20 பவுன் எழுதி வைத்திருக்கின்றாள்.